ஒன்பதாம் அறையில் அப்பா

1

இந்த வேலையில் சேர்ந்து போன மாதத்தோடு பன்னிரண்டு வருடம் நிறைந்தது. ஒரு சின்னப் பூங்கொத்தும் வாழ்த்து அட்டையும் கொடுத்தார்கள். கோமதி என்ற என் பெயரை அட்டையில் 'கோமாட்டி' என்றுதான் எழுதியிருந்தார்கள். இங்கே எல்லோருக்கும் நான் கோமாட்டிதான். முதலில் திருத்தினேன், பிறகு விட்டுவிட்டேன்.

ஜெர்மனியில், ரைன் நதிக்கரையில் உள்ள ஒரு நகரத்தில், நவீன ஓவியங்களுக்கான அருங்காட்சியகம் ஒன்றில் அறைக்காவல் வேலை. கறுப்புக் கால்சட்டை, கறுப்புக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை. யாரும் படத்தைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். "தயவுசெய்து விலகி நில்லுங்கள்", "கழிப்பறை கீழ்த்தளத்தில் இருக்கிறது" என்ற இரண்டு வாக்கியங்களிலேயே ஒரு நாள் ஓடிவிடும். ஊரில் கேட்பவர்களிடம் என் கணவர், "மியூசியத்துல ஆபீசரா இருக்கா" என்பார்.

மகள் மீரா பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் வளர்ந்ததும் நான் வேலை தேடினேன். கடையில் கல்லாவில் உட்காரலாம், முதியோர் இல்லத்தின் சமையலறைக்குப் போகலாம் என்றார்கள். நான் இதைக் கேட்டு வாங்கினேன். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு ஓவியம் வரையும் அண்ணன் ஒருவன் இருந்தான். இருக்கிறான். இந்த இரண்டு சொல்லில் எதை எழுதுவது என்று தெரியாமல்தான் இந்தக் குறிப்புகளை இத்தனை நாள் எழுதாமல் தள்ளிப் போட்டேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு நாள் ஹன்னா தேநீர் அறைக்கு வந்தாள். கண்காட்சிகளைத் திட்டமிடுகிறவள். கையில் ஒரு பட்டியல். நவீன ஓவியம் ஐரோப்பாவில் மட்டும் பிறந்ததல்ல, உலகத்தின் பல ஊர்களில் அவரவர் கேள்வியிலிருந்து பிறந்தது என்று காட்டும் ஒரு கண்காட்சிக்காகப் பல நாடுகளிலிருந்து படங்களை வரவழைத்துக்கொண்டிருந்தாள்.

"கோமாட்டி, நீ தென்னிந்தியாதானே? இந்த ஊர்ப் பெயரை எப்படி உச்சரிப்பது?"

பட்டியலில் விரல் வைத்த இடத்தில் சங்கரன்கோவில் என்று இருந்தது. பக்கத்தில் ஓவியர் பெயர், எஸ். சங்கரலிங்கம்.

ஊர்ப் பெயரை மெதுவாக இரண்டு முறை சொல்லிக் கொடுத்தேன். ஆளின் பெயரை அவள் கேட்கவில்லை. அது எப்படியோ அவள் வாயில் சரியாகவே வந்தது.

2

எங்கள் வீடு சங்கரன்கோவிலில், கோவிலுக்கு மேற்கே நாலாவது தெரு. அப்பாவுக்குத் தாலுகா ஆபீசில் வேலை. குருவிகுளம் பக்கம் மழையை நம்பிய கரிசல் நிலம் கொஞ்சம் இருந்தது. பாடுபட்டது வேறொருவர்; அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் போய் நிற்பார். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, நிலத்துக்கு நடுவில், ஒன்றும் செய்யாமல், நீண்ட நேரம். ஆபீசில் உட்கார்ந்தே இருப்பவருக்கு அந்த நிற்பது தேவைப்பட்டது போல.

அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவன். சென்னைக்கு ஓவியம் படிக்கப் போனான். டிராயிங் மாஸ்டர் ஆகிவிடுவான் என்று அப்பா ஆபீசில் சொல்லி வைத்திருந்தார்.

முதல் விடுமுறைக்கு வந்தபோது ராஜகோபுரத்தை வரைந்தான். ஒரு பொம்மை விடாமல், ஒரு புறா விடாமல். தெருவே வந்து பார்த்தது. அடுத்த முறை பூ மார்க்கெட்டை வரைந்தான். அதில் வெள்ளைப் புள்ளிகளும் காலை வெயிலும் மட்டும் இருந்தன.

"மல்லிப்பூ எங்கலே?" என்று அப்பா கேட்டார்.

"கண்ணைச் சுருக்கிப் பாருங்கப்பா."

அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சுருக்கிப் பார்த்தார். "ஆமா, வருது," என்றார். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம்.

அதற்கடுத்த விடுமுறையில் விசைத்தறிக்கூடம். தறி துண்டு துண்டாக உடைந்து, ஒரே நேரத்தில் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்தது போலக் கிடந்தது. அம்மாவுக்குத் தலை சுற்றியது.

"தறியை வரையலம்மா. தறிச் சத்தத்த வரைஞ்சிருக்கேன்."

"சத்தத்த எதுக்குய்யா வரையணும்? அதான் விடிஞ்சா அடைஞ்சா கேக்கோமே."

கடைசியாக வந்தபோது மூன்று பட்டைகள். கீழே கறுப்பு, நடுவில் சாணி நிறம், மேலே வெளுத்த நீலம். கரிசலும் காய்ந்த பயிரும் வானமும் என்று இப்போது தெரிகிறது. அப்போது யாரும் வந்து பார்க்கவில்லை.

இந்த அருங்காட்சியகத்தில் நிரந்தரப் படங்களுக்கு எட்டு அறைகள். வரிசையாக நடந்தால் நவீன ஓவியம் எப்படி வளர்ந்தது என்று தெரியும். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வரும் வழிகாட்டி சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். கேமரா வந்தது, உள்ளதை உள்ளபடி காட்டும் வேலை ஓவியனிடமிருந்து போனது, அப்படியானால் எனக்கு என்ன மிச்சம் என்று அவன் கேட்டான். ஒருவன் வெளிச்சம் என்றான். இன்னொருவன் மனசின் நிறம் என்றான். அடுத்தவன் பொருளை உடைத்து எல்லாப் பக்கத்தையும் ஒரே தளத்தில் வைத்தான். இன்னொருவன் இயந்திரத்தின் வேகத்தைப் பிடிக்கப் பார்த்தான். கடைசியில் பொருளே வேண்டாம், நிறமும் கோடும் போதும் என்று ஒருவன் நின்றான்.

சேர்ந்த முதல் வாரம் இந்த அறைகளில் நடந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டுப் பின்கட்டில் சுவரோடு சாய்த்து வைத்த படங்கள் இதே வரிசையில்தான் நின்றன. ஒவ்வொரு விடுமுறைக்கும் அவன் ஓர் அறையைத் தாண்டி வந்திருக்கிறான். இங்கே உள்ளதைப் பார்த்து வரைந்தான் என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றிலும் எங்கள் ஊர் வெயில் இருந்தது. நாங்கள்தான் ஒரே இடத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தோம்.

3

அப்பா ஆபீசிலேயே இறந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன், நாற்காலியில் உட்கார்ந்தபடி. எனக்கு அப்போது பத்தொன்பது வயது.

பதினாறாம் நாளுக்குப் படம் வேண்டும். அப்பாவுக்குச் சரியான போட்டோ இல்லை. அடையாள அட்டையில் இருந்த சின்னப் படத்தை ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கலாம் என்று பேச்சு வந்தபோது சித்தப்பா, "வீட்டுலயே ஆர்ட்டிஸ்ட் இருக்கையில ஸ்டுடியோ எதுக்கு?" என்றார். அண்ணன் தலையை ஆட்டினான். பின்கட்டு அறையை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு பத்து நாள் வரைந்தான். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு வருவேன்.

பதினாறாம் நாள் காலையில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தபோது படத்தைக் கொண்டு வந்து நடு வீட்டில் நாற்காலி மேல் வைத்தான். ஆள் உயரத்தில் பாதி இருக்கும். முழுக்கக் கரிசல் கறுப்பு. நடுவில், கொஞ்சம் இடது பக்கமாக, மங்கலான பழுப்பில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு. மேலே அந்தக் கோடு லேசாக அகன்றிருந்தது. முகம் இல்லை.

 முதலில் சித்தப்பாதான் சிரித்தார்.

"ஏலே சங்கரு, இதுல எங்க அண்ணன் எங்கன இருக்காவ? இந்தக் கோடா?"

பின்னால் நின்ற சிலரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் படத்தின் அருகில் போய், கையால் அந்தக் கறுப்பைத் தடவுவது போலக் காற்றில் தடவினாள்.

"முகம் போடலையாய்யா?"

"முகத்த மறந்துருவோம்மா. அப்பா வெயில்ல நிக்கது மறக்காது."

அவன் சொன்னது சரி என்று சொல்ல எனக்கு முப்பத்தைந்து வருடம் ஆகியிருக்கிறது. இன்று அப்பாவின் முகம் எனக்கு அடையாள அட்டைப் படமாகத்தான் நினைவில் வருகிறது. அவர் நிற்பது அப்படியே இருக்கிறது. ஆனால் அன்று எனக்குக் கேட்டது சிரிப்பு மட்டும்தான். அத்தனை பேர் முன்னால் அப்பாவை ஒரு கேலியாக ஆக்கிவிட்டான் என்று தோன்றியது.

"உனக்கு அப்பா முகமே தெரியலையாண்ணே? பெத்த அப்பா முகம்?"

விசேஷத்துக்கு வீடு வெள்ளையடித்து மிச்சமான சுண்ணாம்பு, முற்றத்து ஓரம் வாளியில் இருந்தது. வெள்ளையடிக்கும் மட்டையும் அதிலேயே கிடந்தது. எடுத்துக்கொண்டு வந்து படத்தின் மேல் இழுத்தேன். மேலிருந்து கீழாக இரண்டு, குறுக்கே ஒன்று. மூன்றாவது இழுப்பில் சித்தப்பா என் முழங்கையைப் பிடித்துவிட்டார். கை வளைந்து கீழே இறங்கி நின்றது.

அண்ணன் என்னைத் தடுக்கவே இல்லை. அடிப்பான் என்று நினைத்தேன். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்தான். தலையைச் சற்றுச் சாய்த்து, ஓர் அடி பின்னால் நகர்ந்து, வேறு யாரோ வரைந்ததைப் பார்ப்பது போலப் பார்த்தான். கறுப்பில் சுண்ணாம்பு வழிந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை அந்தப் படத்தைப் போர்வையில் சுற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பினான். வாசலில் செருப்பை மாட்டும்போது, "வாரேன் கோமு," என்றான். நான் அவனைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டேன். இரண்டு வருடம் போல அம்மாவுக்குக் கடிதம் வந்தது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு முகவரியிலிருந்து. பிறகு நாங்கள் எழுதியவை திரும்பி வரத் தொடங்கின. பிறகு அதுவும் இல்லை.

4

படம் மரப்பெட்டியில் வந்து இறங்கியது. சென்னையில் ஒரு குடும்பம் கொடுத்து அனுப்பியது. வாங்கிய பெரியவர் இறந்துவிட்டார். யாரிடம், எப்படி வாங்கினார் என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. சிறப்புக் கண்காட்சிகளுக்கான ஒன்பதாம் அறையில் எதிர்ச்சுவரில் மாட்டினார்கள். திறப்பதற்கு முன் ஹன்னா காவலர்களான எங்களை அழைத்து ஒவ்வொரு படத்தையும் விளக்கினாள்.

"இதைப் பாருங்கள். கீழே முதலில் வரைந்த உருவம் இருக்கிறது. அதை அவரே மூன்று வெள்ளை இழுப்புகளால் மறுக்கிறார். வரைவது போலவே அழிப்பதும் ஓர் ஓவியச் செயல் என்று, தன் ஊரில், தனியாகக் கண்டுபிடிக்கிறார். அவர் பயணத்தில் இதுதான் திருப்புமுனை. இவ்வளவு கோபம், ஆனால் முடிவில் இந்த வளைவைப் பாருங்கள், எவ்வளவு தயக்கம்!"

சக காவலர்கள் தலையை ஆட்டினார்கள். நான் என் வலது முழங்கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். இந்த வெள்ளை சாதாரணச் சுண்ணாம்பு. எண்ணெய் வண்ணத்தின் மேல் அது ஒட்டாது. சில மாதங்களில் பொருக்குப் பொருக்காக உதிர்ந்திருக்க வேண்டும். ஆனால் யாரோ ஒவ்வொரு பொருக்கின் அடியிலும் ஊசி முனையால் பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். பழுது பார்க்கும் பிரிவில் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு வியந்து போனார்களாம். "ஆகவே யாரும் மூச்சுப் படும் தூரத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்," என்றாள்.

கண்காட்சி திறந்தது. என்னை ஒன்பதாம் அறைக்கே போட்டார்கள். சொந்த ஊர்க்காரருக்குச் செய்யும் மரியாதை என்று மேலதிகாரி நினைத்துக்கொண்டார். காலை பத்து முதல் மாலை ஆறு வரை அந்தப் படமும் நானும். கூட்டம் வரும், போகும். அறை காலியாகும் நேரங்களில் ஈரச் சுண்ணாம்பு வாசனை வரும். இந்தக் கட்டடத்தில் காற்றுக்கூட வடிகட்டித்தான் வருகிறது. அந்த வாசனை வர வழியே இல்லை. இருந்தும் வந்தது.

மீரா ஒரு சனிக்கிழமை பார்க்க வந்தாள். வேறு நகரத்தில் மேல்படிப்பு. மாதத்துக்கு ஒரு முறை வருவாள். அவளுடைய தமிழ் என்னிடம் பேசுவதற்கு மட்டும் எடுத்து வைத்த தமிழ். வர வர அதுவும் குறைகிறது. மாமா ஒருவர் உண்டு, எங்கோ போய்விட்டார் என்பது வரை அவளுக்குத் தெரியும். படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றாள்.

"அம்மா, இங்க யாரோ நிக்கறாங்க."

"எங்கே?"

"வெள்ளைக்குப் பின்னாடி. வெயில்ல நிக்கற மாதிரி." பிறகு ஜெர்மனில் சொன்னாள்: "நம்மைப் பார்க்கவில்லை அவர். அவர் பாட்டுக்கு நிற்கிறார்."

அங்கேயே சொல்லியிருக்கலாம், அது உன் தாத்தா என்று. பக்கத்தில் ஒரு பள்ளிக் கூட்டம் வந்துவிட்டது. "விலகி நில்லுங்கள்," என்று அவர்களிடம் போனேன்.

5

கண்காட்சி நூலுக்காக ஓவியரைப் பற்றித் தகவல் சேர்க்கிறேன், உனக்கு அந்தக் குடும்பம் தெரியுமா என்று ஹன்னா ஒரு நாள் நடைவழியில் நிறுத்திக் கேட்டாள். அவர் என் அண்ணன் என்று வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் அப்படியே நின்றாள். எப்படிப்பட்டவர், சொல் சொல் என்றாள்.

இருபத்தாறு வருடமாக இந்த மொழியில் வாழ்கிறேன். மனசு பதறினால் என் ஜெர்மன் முதல் வருடத்துக்குப் போய்விடும். என் அண்ணன் எல்லோரையும் போல இல்லை, வித்தியாசமானவன் என்று சொல்ல நினைத்தேன். 'ஃபெர்ஷீடன்' என்றேன். வெவ்வேறான, வித்தியாசமான என்று பொருள். ஒரு மனிதனைக் குறித்துச் சொன்னால் அதே சொல்லுக்குக் காலமாகிவிட்டார் என்று பொருள். ஆளைச் சொல்லும்போது 'ஆண்டர்ஸ்' என்று சொல்லம்மா என்று மீரா சின்ன வயதிலிருந்தே திருத்துவாள்.

ஹன்னா என் கையைத் தொட்டாள். குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னாள். அப்படி ஓர் அண்ணனோடு வளர்வது கஷ்டம்தான் என்று ஆறுதல் சொல்கிறாள் என எடுத்துக்கொண்டேன்.

மறு வாரம் படத்தின் கீழே புதிய அட்டை வந்திருந்தது. பெயர், ஊர், பிறந்த ஆண்டு, அதன் பின்னால் ஒரு சிறிய சிலுவைக் குறி. இந்த நாட்டில் இறந்தவருக்குப் போடும் குறி. அதன் முன்னால் எட்டு மணி நேரம் நின்றேன்.

மாலையில் ஹன்னா ஒரு படிவம் கொடுத்தாள். படத்தை நூலில் அச்சிட வாரிசின் சம்மதம் வேண்டுமாம். 'ஓவியர் காலமாகிவிட்டார்' என்ற கட்டத்தில் அவளே குறியிட்டிருந்தாள். நான் கையெழுத்துப் போட்டால் போதும்.

6

அம்மா ஐந்து வருடத்துக்கு முன் இறந்தாள். அப்போது வாரிசுச் சான்றிதழுக்காக ஊரில் அலைந்தது நினைவுக்கு வந்தது. அந்த அலுவலர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இங்க ரெண்டு வழிதாம்மா இருக்கு. உங்க அண்ணன் உயிரோட இருக்காருன்னா அவரு கையெழுத்து வேணும். இல்லைன்னா இறப்புச் சான்றிதழ் வேணும்."

"காணாமப் போனவங்களுக்கு?"

"அதுக்குக் கட்டம் இல்லம்மா. கோர்ட்டுலதான் எழுதி வாங்கணும்."

பெரியப்பா மகன் செல்லத்துரை அண்ணன்தான் அன்று கூட வந்தவர். எங்கள் பூட்டிய வீட்டின் சாவி அவரிடம் இருக்கிறது. வெளியே வந்ததும் சொன்னார்.

"ஏட்டி கோமதி, எத்தனை வருசம் இப்படியே வச்சிருப்ப? எழுதிக் குடுத்துட்டு ஒரு எள்ளுந்தண்ணி இறைச்சிருவோம். அவனாவது அலையாம இருப்பாம்லா."

"உசுரோட இருந்தாண்ணே?"

"இருந்தா ஒரு போனு போட மாட்டானா? அம்மா செத்ததுக்காவது வர மாட்டானா?"

நான் எழுதிக் கொடுக்கவில்லை. காகிதங்களை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

இப்போது அதே கேள்வி வேறு மொழியில் மேசை மேல் கிடந்தது. கையெழுத்துப் போட்டால் எவ்வளவு சுலபம் என்று யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. சிலுவைக் குறி நிலைத்துவிடும். அந்த மூன்று இழுப்புகளும் அவனுடையவை என்று அச்சாகிவிடும். பெரிய ஓவியனின் தங்கை என்ற பெயரோடு மிச்சக் காலத்தை ஓட்டிவிடலாம். நான் செய்ததற்குச் சாட்சியாக இருந்த சித்தப்பாவும் அம்மாவும் இல்லை. அன்று கூட்டத்தில் நின்ற மற்றவர்களுக்கு அது மறந்திருக்கும். ஒருவனே மிச்சம். அவனை இறந்தவனாக்கும் படிவம் என் கையில் இருந்தது. பேனாவை எடுத்தேன்.  வைத்துவிட்டேன்.

7

மறுநாள் ஹன்னாவின் அறைக்குப் போனேன். சொல்ல வேண்டியதை முதல் முறையாக எழுதி, அகராதி பார்த்து, மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

"என் அண்ணன் இறக்கவில்லை. இறந்தானா என்று எனக்குத் தெரியாது. நான் தவறான சொல்லைச் சொன்னேன். இன்னொன்று. அந்த வெள்ளையை அவன் போடவில்லை. நான் போட்டேன்."

என் ஜெர்மன் மறுபடி தடுமாறுகிறது என்று அவள் நினைத்தாள். மெதுவாகச் சொல்லு என்றாள். மெதுவாக எல்லாவற்றையும் சொன்னேன். பதினாறாம் நாள், சிரிப்பு, வாளி, முழங்கை. திருப்புமுனை என்று அவள் எழுதிய பக்கங்கள் மேசை மேல் இருந்தன. கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

"கோமாட்டி, அந்தப் படத்தின் பின்பக்கம் ஏதோ எழுதியிருக்கிறது. தமிழ் எழுத்து. மந்திரமாக இருக்கலாம் என்று குறித்து வைத்திருக்கிறோம். உன்னிடம் காட்ட வேண்டும் என்று யாருக்குமே தோன்றவில்லை."

திங்கட்கிழமை விடுமுறை நாளில் படத்தை இறக்கினார்கள். மேசை மேல் மெத்தை விரித்து முகம் கீழாகப் படுக்க வைத்தார்கள். துணி பழுப்பேறியிருந்தது. மேல் மூலையில், சட்டத்தை ஒட்டி, பென்சிலில் அண்ணன் கையெழுத்து. 'மு'வுக்கு அவன் போடும் நீண்ட வால்.

அப்பா.
சுண்ணாம்பு கோமு போட்டது.
துடைக்க வேண்டாம்.

ஹன்னா பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு, "என்ன மந்திரம்?" என்று மெல்லக் கேட்டாள். மூன்று வரிதான். மொழிபெயர்க்க எனக்கு வெகு நேரமானது.

சட்டத்தின் கீழ்க்கட்டையில் பாதி கிழிந்த கடை லேபிள் ஒட்டியிருந்தது. கடைப் பெயரில் கடைசி இரண்டு எழுத்துகளும், 'பிரேம் ஒர்க்ஸ், கடையநல்லூர்' என்பதும் மட்டும் மிச்சம். சென்னை என்று இருந்திருந்தால் நான் அசைந்திருக்க மாட்டேன். கடையநல்லூர் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்.

8

செல்லத்துரை அண்ணனைத்தான் போகச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே போனார். லேபிளின் படத்தைப் போனில் காட்டி மூன்று கடையில் விசாரித்து, நாலாவது கடையிலிருந்து கூப்பிட்டார். இங்கே காலை பத்தரை மணி. அன்று மட்டும் ஹன்னாவிடம் சொல்லிவிட்டுப் போனைக் கையில் வைத்திருந்தேன்; ஒன்பதாம் அறைக்கு வெளியே நடைவழியில் நின்று பேசினேன்.

போனைக் கடைக்காரரிடமே கொடுத்தார். அவர் பெயர் மைதீன் பாய். குவைத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து கடை வைத்தவர். அண்ணனின் பெயர் அவருக்கு நினைவில்லை. வேலை நினைவிருந்தது.

"தாடி வச்ச ஒரு அண்ணாச்சி. கறுப்பா ஒரு படம், மேல வெள்ளையா கோடு. சட்டம் போடணும்னு கொண்டாந்தாவ. வெள்ளையெல்லாம் உதுந்துக்கிட்டு இருந்துச்சு. இங்கனயே ஓரமா உக்காந்து, ஊசியும் பசையும் வச்சிக்கிட்டு ஒரு வாரம் ஒட்டுனாவம்மா. நான் சொன்னேன், துடைச்சுட்டா படம் சுத்தமாயிரும்லா, எதுக்கு இந்தப் பாடுன்னு."

"என்ன சொன்னாங்க?"

"'இது என் தங்கச்சி கோவம் பாய், உதுந்துரக் கூடாது'ன்னாவ."

நடைவழியில் பெஞ்சு இருந்தது. உட்கார்ந்தேன்.

"எந்த வருசம் பாய்?"

"எங்க மூத்த மக பொறந்த வருசம். நான் ஆஸ்பத்திரிக்கும் கடைக்குமா அலைஞ்ச நேரம், அதான் மறக்கல. தை மாசம். வேலை முடிஞ்சதும், 'சங்கரன்கோவில் வரைக்கும் போயிட்டு வாரேன், படம் இங்கயே இருக்கட்டும், வீட்டுல சொல்லிட்டு வந்து எடுத்துக்கிடுதேன்'ன்னு கிளம்புனாவ. சட்டையெல்லாம் மாத்தி, சவரம் பண்ணிக்கிட்டு."

அவருடைய மூத்த மகளுக்கு எத்தனை வயது என்று கேட்டேன். மீராவின் வயது.

அந்தத் தை மாதம் அம்மா இங்கே இருந்தாள். என் பிரசவத்துக்காக நான்தான் கட்டாயப்படுத்தி வரவழைத்தேன். குளிருக்குப் பயந்து வரமாட்டேன் என்றவளை அழுது வரவழைத்தேன். வீடு ஆறு மாதம் பூட்டிக் கிடந்தது.

"சாயங்காலமே திரும்பி வந்துட்டாவம்மா. வீடு பூட்டிக் கெடக்குன்னாவ. பக்கத்துல கேக்கலையான்னேன். 'கேட்டேன் பாய். அம்மா தங்கச்சிகிட்ட வெளிநாடு போயிட்டாவளாம். நல்லா இருக்கட்டும்'னாவ. படத்த எடுத்துக்கிட்டுப் போனாவ. டீ வாங்கிக் குடுத்தேன், குடிக்கல."

பக்கத்து வீட்டில் அப்போது குடியிருந்தவர்கள் யார் என்று யாருக்கும் நினைவில்லை. வந்து கேட்டவரைப் பற்றி அவர்கள் எங்களிடம் சொன்னதும் இல்லை. அவன் திரும்ப வரவே நினைக்கவில்லை, என்னை வெறுத்துப் போனான் என்று நம்பியே இத்தனை வருடம் நான் என்னை ஒரு மாதிரி பழக்கியிருந்தேன். சவரம் செய்துகொண்டு வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போனான் என்பதற்கு எனக்குப் பழக்கம் இல்லை.

படிவத்தைக் கையெழுத்து இல்லாமல் ஹன்னாவிடம் திருப்பிக் கொடுத்தேன். நூலில் அந்தப் படம் இடம்பெறவில்லை. அதைப் பற்றிய பக்கம் மட்டும் இருக்கிறது, புதிதாக எழுதியது. சுவரட்டையிலிருந்து சிலுவைக் குறியை எடுத்துவிட்டார்கள். பிறந்த ஆண்டு, ஒரு சிறு கோடு, அதன் பின்னால் ஒன்றும் இல்லை. என் பெயரையும் சேர்க்கட்டுமா என்று ஹன்னா கேட்டாள். வேண்டாம், பின்பக்கம் இருப்பது போதும் என்றேன். மீராவைக் கூட்டிப் போய் அந்தப் பின்பக்கத்தின் புகைப்படத்தைக் காட்டினேன். எழுத்துக் கூட்டி அவளே படித்தாள். 'துடைக்க' என்பதில் கொஞ்சம் தடுமாறினாள்.

பிறகு செல்லத்துரை அண்ணனிடம் ஒரு காரியம் கேட்டேன். எங்கள் வீட்டு வாசல் கதவில் என் போன் நம்பரைப் பெயிண்டில் பெரிதாக எழுத வேண்டும்.

"ஏட்டி, வீடு விக்கதுக்குன்னுல்லா நினைப்பானுவ."

"நினைக்கட்டும்ணே."

"வெளிநாட்டு நம்பரா?"

"ஆமா. முன்னால பிளஸ் குறி போடணும். விட்டுராதிய."

எழுதிவிட்டுப் படம் எடுத்து அனுப்பினார். அவர் சொன்னது போலத்தான் ஆனது. வாரத்துக்கு இரண்டு, மூன்று அழைப்பு. பூ வியாபாரி, வாத்தியார், தென்காசியிலிருந்து ஒரு புரோக்கர். பணி நேரத்தில் போன் வைத்துக்கொள்ள எங்களுக்கு அனுமதி இல்லை. ஹன்னா பேசி எனக்கு மட்டும் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். இந்திய எண் ஒளிர்ந்தால் நடைவழிக்கு வந்து எடுக்கிறேன். வீடு விற்பனைக்கா என்று கேட்கிறார்கள். இல்லைங்க என்கிறேன். பெரும்பாலானவர்கள் உடனே வைத்துவிடுகிறார்கள். சிலர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் இருக்கிறார்கள், சிக்னல் கிடைக்காமலோ யோசித்துக்கொண்டோ. அப்போது நானும் வைப்பதில்லை. அந்தப் பக்கம் மூச்சு கேட்கிறதா என்று கவனித்தபடி நிற்கிறேன்.